ஏழு கண்டன், மிச்சம் சத்தம்

அந்தப் பெண் தன்னை நிமிர்ந்து பார்க்கவில்லை என்பதுதான் விதானையாரின் முறைப்பாடு. இலங்கையிலிருந்து வரும் ஓய்வூதியத்துக்காக, தான் உயிரோடு இருப்பதாக வருடத்துக்கு ஒரு தடவை அவர் நகரசபைக் கந்தோரில் கடிதம் வாங்கி அனுப்ப வேண்டும். அந்தக் கந்தோரை இங்கே எல்லாரும் மேரி என்பார்கள். அவருக்குப் பிரெஞ்சு தெரியாது என்பதால் துணைக்கு நான் போயிருந்தேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் கடவுச்சீட்டை வாங்கினாள், தட்டினாள், அச்சடித்தாள், முத்திரை குத்தினாள், கடிதத்தை வெளியே தள்ளினாள். இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்தது. பாரிசில் ஒரு கடதாசி வேலை இரண்டு நிமிடத்தில் முடிந்தால் நேர்த்தி வைத்துத் தேங்காய் உடைக்கலாம். அவர் கடிதத்தைத் தொடவில்லை.

"பிள்ளை, அவ என்னைப் பாக்கேல்லை."

"பாத்துத்தானே ஐயா தந்தவ."

"பாஸ்போட்டைப் பாத்தவ. என்னைப் பாக்கேல்லை. பாக்காமல் நான் உயிரோடை இருக்கிறன் எண்டு எழுதிப்போட்டா. திருப்பிக் குடு. பாத்திட்டு எழுதச் சொல்லு."

பின்னால் பதினைந்து பேர் நின்றார்கள். எனக்கு நிலத்துக்குள் புகுந்துவிடலாம் போல் இருந்தது. இருந்தும் மொழிபெயர்த்தேன், என் பிழைப்பே அதுதான். அவள் முதலில் முகத்தைச் சுளித்தாள். பிறகு நிமிர்ந்தாள். விதானையார் கம்பளித் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, குதிக்கால் இரண்டையும் ஒட்டி, பார்க்கப்படுவதற்காக நின்றார். அவள் "வணக்கம் ஐயா" என்று பிரெஞ்சில் சொன்னாள். அதற்குப் பிறகுதான் கடிதத்தை எடுத்து நாலாக மடித்தார்.

"இப்ப சரி" என்றார்.

அவருக்குப் பெயர் ஒன்று இருந்தது. பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை, நானும் இங்கே எழுதப்போவதில்லை. இருபது வயதில் வெள்ளைக்காரனின் தொண்டர் படையில் சேர்ந்து, திருகோணமலையில் எண்ணெய்க் குதங்களுக்குக் காவல் நின்றவர். சண்டை பிடித்தவர் இல்லை, நின்றவர். ஒரு நாள் காலை யப்பான் விமானங்கள் வந்து குண்டு போட்டன. எல்லாம் அடங்கிய பிறகு வெள்ளைக்காரச் சார்ஜன் காவல்காரர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு எத்தனை விமானம் என்று கேட்டானாம். ஒருவன் ஐம்பது என்றான். ஒருவன் நூறு என்றான். ஒருவன் வானமே தெரியவில்லை என்றான். இவர் சொன்னது: "ஏழு கண்டன், மிச்சம் சத்தம்." சார்ஜன் அதை மட்டும் எழுதிக்கொண்டானாம். இந்தக் கதையை நான் குறைந்தது நாற்பது தடவை கேட்டிருப்பேன். ஒரு தடவைகூட ஏழு எட்டாகவில்லை.

படை கலைந்த பிறகு ஊருக்கு வந்து விதானை ஆனார். விதானை என்றால் கிராமத்தில் அரசாங்கம் என்று காட்ட இருக்கிற ஒரே ஆள். பிறப்பு, இறப்பு, வேலிச் சண்டை, களவு, கிணற்றில் விழுந்த மாடு எதுவானாலும் அவர் எழுதினால்தான் உண்டு. பிறகு அந்த உத்தியோகத்துக்குக் கிராம சேவகர் என்று பெயரை மாற்றினார்கள். ஊர்ச் சனம் மாற்றவில்லை. செத்த வீட்டில் விதானையார் வந்து முகத்தைப் பார்க்கும் வரைக்கும் பாடை தூக்க விடமாட்டாராம். கொட்டும் மழையிலும் சைக்கிளில் வந்து, மூக்குக்கு முன்னால் புறங்கையைப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் பேனையைத் திறப்பாராம். இதை அவர் சொல்லவில்லை. அவருடைய ஊர்க்காரர்கள் சொல்லிச் சிரித்தது. அவருடைய கணக்கில் இது எனக்குச் சத்தம்.

நான் அப்போது போபூர் சென் தெனித் தெருவிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில், போட்டோக் கொப்பியும் மொழிபெயர்ப்பும் செய்கிற ஒரு சின்னக் கடையில் வேலை செய்தேன். அகதிக் கடிதம், வீட்டுப் படிவம், பள்ளிக்கூடப் படிவம், பிள்ளைக் காசுப் படிவம் எல்லாம் என் கையால்தான் போகும். அவர் மூத்த மகனுடன் பக்கத்துத் தெருவில் ஐந்தாம் மாடியில் இருந்தார். காலையில் மகனும் மருமகளும் வேலைக்கும் பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கும் போய்விடுவார்கள். பிறகு அவர் கதவைப் பூட்டிக்கொண்டு இறங்கி, தலைக்கு மேல் மெத்ரோ ஓடுகிற பாலத்துக்குக் கீழே கொஞ்ச நேரம் நிற்பார். சுவரில் சாய மாட்டார். பத்து மணிக்குக் கடைக்கு வந்து, கண்ணாடிக்குப் பக்கத்தில் இருந்த கதிரையில் உட்காருவார். மாலையில் பேரப்பிள்ளைகள் வீட்டில் இருந்தாலும் அவர் தமிழில் கேட்பதற்குப் பிரெஞ்சில்தான் பதில் வருமாம். "அதுகள் என்னோடை கதைக்குதுகள்தான்" என்பார். "எனக்குத்தான் கேட்டது, விளங்கினது இல்லை."

வரும் ஆட்கள் அவரைப் பார்த்துச் சலித்துக்கொள்வார்கள். நானும் சலித்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் அவர் தடிமன் பிடித்து வராத நாட்களில் கடையில் நேரம் நகராது. எனக்கும் அந்த ஊரில் யாரும் இருக்கவில்லை. முப்பத்துமூன்று வயதில், தனிப் பெண்ணாக, ஒரு அறை, ஒரு அடுப்பு, ஒரு யன்னல். நான் வந்தேனா போனேனா என்று நாளாந்தம் பார்த்த ஒரே மனிதர் அவர்தான் என்பதை அப்போது நான் ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன்.

மடியில் எப்போதும் ஒரு கட்டக் கொப்பி இருக்கும், இங்கே பிள்ளைகள் கணக்குச் செய்கிற கொப்பி. வலப்பக்கம் கண்டது, இடப்பக்கம் கேட்டது. ஆர் எந்தத் தெருவுக்கு வீடு மாறினார்கள், ஆருக்குப் பிள்ளை பிறந்தது, ஆருடைய கடை பூட்டியது எல்லாம் அதில் இருக்கும். யாரும் கேட்டதில்லை, யாருக்கும் அது தேவையும் இல்லை. அரசாங்கம் ஓய்வு கொடுத்துவிட்டது, அவர் எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரு தடவை கடைக்கு வந்த ஒருவர், சென் தெனிப் புறநகரில் இருந்த இன்னாரை மாரடைப்புக் கொண்டுபோய்விட்டது என்றார். எல்லாரும் உச்சுக் கொட்டினோம். விதானையார் இடப்பக்கத்தில் எழுதினார். பிறகு எழும்பித் தொப்பியைப் போட்டார். மொழி தெரியாத மனிதர், இரண்டு மெத்ரோ மாறி, சென் தெனிச் சந்தைக்குப் பின்னால் வீட்டைத் தேடிப் பிடித்திருக்கிறார். கதவைத் திறந்தது செத்த ஆள். மாரடைப்பு உண்மை, ஆள் தப்பிவிட்டார். இருவரும் தேத்தண்ணி குடித்தார்களாம். மூன்று மணிக்குத் திரும்பி வந்து, இடப்பக்க வரியை அடிமட்டம் வைத்து வெட்டி, வலப்பக்கத்தில் எழுதினார்: "இருக்கிறார். மெலிவு."

இந்தக் குணம் எல்லா நேரமும் சிரிப்பாக இருக்கவில்லை. அகதி வழக்கில் நிராகரிக்கப்பட்ட ஒரு பெடியன், நான் உங்கள் ஊர்தான், கோயிலுக்குப் பின் வீடு, ஒரு கடிதம் தாருங்கோ என்று வந்து கெஞ்சினான். இன்னாருடைய மகன் என்றான். விதானையார் அவன் தகப்பனைத் தெரியும் என்றார், வீட்டையும் தெரியும் என்றார்.

"அப்ப எழுதுங்கோவன் ஐயா."

"உன்னைத் தெரியாது. நான் வெளிக்கிட்ட பிறகு நீ வளந்திருக்கிறாய். கொப்பரைத் தெரியும் எண்டு எழுதுறன். இவன் அவரின்ரை மகனாம் எண்டு எழுதுறன்."

"ஆம்" என்று முடிகிற கடிதத்தை வைத்துக்கொண்டு எந்த நீதிபதியிடம் போவது? அவன் அழுதுகொண்டு போனான். அன்றைக்கு நான் கோபத்தில் அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கவில்லை. அவரும் கேட்கவில்லை. மாலை வரைக்கும் கதிரையில் இருந்தார். ஒரு எழுத்துக்காக ஒரு மனிதனுடைய வாழ்க்கையைத் தள்ளி வைக்கிற கிழடு என்று மனதுக்குள் ஏசினேன். சாந்தியின் காரியம் வந்தபோது, அந்தக் கோபம் என் வாயாலேயே வந்தது.

சாந்தி அவருடைய இளைய மகனின் பெண்சாதி. வில்லியே லே பெல்லில் மகளோடு இருந்தாள். விடியற்காலை ரயில் பிடித்துப் பாரிசுக்கு வந்து கந்தோர்கள் கூட்டித் துடைத்துவிட்டு, வாரத்தில் ஒரு நாள் மாமனாரைப் பார்க்கக் கடைக்கு வருவாள். அவருக்குப் பிடித்த பனங்கற்கண்டு, மருந்து, காலுறை என்று ஏதாவது பையில் இருக்கும். அவளுடைய கணவன் ஊரில் நடந்த ஒரு சுற்றிவளைப்பில் பிடிபட்டுப் போனவன். அப்போது அவள் ஏழு மாதம். பிறகு அவனைக் கண்டவர் இல்லை. பதினாறு வருடம் நெற்றியில் பொட்டோடும் கழுத்தில் தாலியோடும் இருந்தாள். தகப்பன் முகம் காணாத மகள் இங்கே வளர்ந்து, தாயின் தோளுக்கு மேலே போய்விட்டாள்.

அந்த வருடம் ஒரு மனிதர் அவளைக் கேட்டார். மன்னார்க்காரர், உணவகச் சமையல்காரர், மனைவியை இழந்தவர், அதிகம் பேசாதவர். மகளும் சம்மதம். ஆனால் மேரியில் கல்யாணம் எழுத வேண்டுமானால் முதல் கணவன் இறந்ததற்குக் கடதாசி வேண்டும். ஊரில் அப்படி ஒரு பதிவே இல்லை. உடலைக் கண்ட ஒருவர் சாட்சிக் கடிதம் தந்தால் நீதிமன்றத்தில் இலகுவாக முடியும், இல்லாவிட்டால் பத்து வருடம்கூட இழுபடலாம் என்று வக்கீல் சொல்லிவிட்டார். வக்கீலின் கடிதத்தை எடுத்துக்கொண்டு சாந்தி கடைக்கு வந்தாள். நான்தான் இருவருக்கும் வாசித்துச் சொன்னேன்.

"மாமா, நீங்கள் விதானையாய் இருந்தனீங்கள். உங்கடை சொல்லை எடுப்பினமாம்" என்றாள்.

"காணாமல் எழுத ஏலாது."

"எல்லாருக்கும் தெரியும் மாமா அவர் இல்லையெண்டு. உங்களுக்கும் தெரியும்."

நான் இடையில் புகுந்தேன். புகுந்திருக்கக் கூடாது, ஆனால் புகுந்தேன். "ஐயா, இவ உங்களுக்குக் காலுறை வாங்கிக்கொண்டு வாறா. நாப்பத்தொரு வயசு. இன்னும் பத்து வருசம் இவ காத்திருக்க வேணுமோ? கண்டது எண்டு எழுத வேண்டாம். கேட்டது எண்டு எழுதுங்கோ. இடப்பக்கத்திலை போடுங்கோ. அதுக்குத்தானே அந்தப் பக்கம் வைச்சிருக்கிறியள்?"

கேட்டது என்று எழுதினால் வக்கீலுக்கு அது பாதிக்குத்தான் உதவும். ஆனாலும் ஒன்றுமில்லாததற்கு அது பரவாயில்லை. சாந்தியும் அதைப் பிடித்துக்கொண்டாள். "ஓம் மாமா, கேட்டது எண்டாவது எழுதுங்கோ."

அவர் கொப்பியைத் திறந்தார், இடப்பக்கத்தைப் பார்த்தார். பேனையை மூடிச் சட்டைப் பையில் குத்தினார். பிறகு எழும்பிப் போய்விட்டார். சாந்தி கொண்டுவந்த பை கதிரைக்குக் கீழே அப்படியே கிடந்தது.

மூன்று கிழமை அவர் வரவில்லை. பாலத்துக்குக் கீழேயும் காணவில்லை. நான் ஐந்து மாடி ஏறிக் கதவைத் தட்டினேன். உள்ளே கதிரை அசைந்த சத்தம் கேட்டது, கதவு திறக்கவில்லை. நாலாவது கிழமை, சாந்தி வருகிற நாளில், அவர் கடைக்கு வந்தார். சவரம் செய்திருந்தார். கதிரையைக் காட்டினேன், இருக்கவில்லை.

"கேட்டது எண்டு எழுத ஏலாது" என்றார்.

"ஏன் மாமா?" என்றாள் சாந்தி. அவளுக்கு ஏற்கெனவே அழுகை வந்துவிட்டது.

"கேக்கேல்லை. கண்டனான்."

கடையில் போட்டோக் கொப்பி யந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. நான் அதை நிறுத்தினேன். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, மேரியில் நின்ற மாதிரியே குதிக்காலை ஒட்டி நின்று, ஒரு அறிக்கை மாதிரிச் சொன்னார்.

"பள்ளிக்கூட விறாந்தையிலை ஆறு பேர் கிடந்தவை. நான் பென்சன் எடுத்து நாலு வருசம். எண்டாலும் முகம் தெரிஞ்ச ஆள் எண்டு ஆமிக்காரர் என்னைத்தான் கூப்பிட்டவை. அஞ்சு பேர் வேறை ஊர்ப் பெடியள், தெரியாது. ஆறாவது ஆள் அவன். ஆர், எந்த வீடு எண்டு கேட்டவை. சொன்ன வீட்டுக்குப் போவினம். வீட்டிலை மூத்தவன் நிண்டவன். நீ ஏழு மாதம். தெரியாது எண்டன். புத்தகத்தை நீட்டினவை. ஆறு பேரையும் தெரியாதெண்டு கையெழுத்து வைச்சன். புறங்கையைப் பிடிச்சுப் பாக்க விடேல்லை. ஆனால் பாக்கத் தேவையில்லை."

அன்றைக்கு வீட்டுக்கு வந்து, அந்த ஆறு பேரில் அவன் இல்லை என்று சொன்னாராம். உண்மையைச் சொல்லியிருந்தால் இவள் கத்தியிருப்பாள், சந்தியில் நின்ற ஆமிக்காரருக்குக் கேட்டிருக்கும். அது ஒரு நாளைக்கான காரணம். மிச்சப் பதினாறு வருடத்துக்கு அவரிடம் காரணம் இருக்கவில்லை. "பிறகு சொல்லலாம் எண்டு இருந்தனான். கையெழுத்து வைச்சிட்டன். பிறகு எப்பிடிச் சொல்லுறது எண்டு தெரியேல்லை" என்றார்.

சாந்தி கேட்டாள்: "என்ன சட்டை போட்டிருந்தவர்?"

"நீலக் கட்டம். பொக்கற் பொத்தான் கறுப்பு நூலாலை தைச்சிருந்தது."

"வெள்ளை நூல் முடிஞ்சுபோச்சு" என்றாள் அவள்.

அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். தமிழில் ஏழு வரி, பிரெஞ்சிலும் ஏழு வரி. அவர் கையெழுத்து வைத்தார், பெயர் முழுதாக விழுந்தது. சாந்தி கடிதத்தை வாங்கிப் பையில் வைத்தாள். அவரைப் பார்க்கவில்லை. போய் ரயில் பிடித்திருப்பாள். அதற்குப் பிறகு அவள் கடைக்கு வரவில்லை, தொலைபேசியில் என்னோடு மட்டும் பேசுவாள். நான் அவளைக் குறை சொல்ல மாட்டேன். பதினாறு வருடப் பொட்டு அது. எனக்கு அவர் மீதும் கோபம் வரவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் யாரைப் பார்க்கவும் முடியாமல் இருந்தேன்.

ஒரு வருடத்துக்குள் தீர்ப்பு வந்தது, கல்யாணமும் மேரியில் எழுதினார்கள். சாட்சிக் கையெழுத்துக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள், அவரைக் கூப்பிடவில்லை. திங்கட்கிழமை அவர் கதிரையில் இருந்தபடி கேட்டார்.

"சாறி என்ன நிறம்?"

"மாம்பழ நிறம்."

"மகள் பக்கத்திலை நிண்டவளோ?"

"ஓம். முழு நேரமும்."

அவர் கொப்பியைத் திறந்து இடப்பக்கத்தில் எழுதினார்: "சாந்தி கல்யாணம். மாம்பழ நிறச் சாறி. மகள் பக்கத்தில்." அதுதான் நான் பார்த்த கடைசி வரி. பிறகு கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு இருப்பார், திறக்க மாட்டார். உயிரோடு இருக்கிற கடிதத்துக்காக மேரிக்குப் போகும் மாதம் வந்தபோது நினைவுபடுத்தினேன். "ஆருக்கு" என்று கேட்டார். நான் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தியிருக்கலாம்.

அடுத்த கோடையில் மூத்த மகன் குடும்பத்தோடு கனடாவுக்குக் கல்யாணம் ஒன்றுக்குப் போனான். இவர் போகவில்லை. ஒரு நாள் பத்து மணி தாண்டியும் கதிரை வெறுமையாக இருந்தது. பதினொரு மணிக்குக் கடைத் தொலைபேசி அடித்தது. பாலத்துக்குக் கீழே ஒரு கிழவர் விழுந்திருந்தாராம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போதே முடிந்துவிட்டதாம். கடவுச்சீட்டு இல்லை. கொப்பியின் முதல் பக்கத்தில், தொலைந்துபோனால் என்று எப்போதோ நான் எழுதிக் கொடுத்த கடையின் எண் இருந்திருக்கிறது. நீங்கள் உறவா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். அந்தச் சொல் என் வாயிலிருந்து அவ்வளவு சுலபமாக வந்தது எனக்கே பிடிக்கவில்லை. உறவு யாராவது வந்து அடையாளம் சொல்ல வேண்டும் என்றார்கள்.

கனடாவில் மகன் தொலைபேசியை எடுக்கவில்லை. சாந்திக்கு எடுத்தேன். அவள் எதுவும் கேட்கவில்லை, எந்த மெத்ரோவில் இறங்க வேண்டும் என்று மட்டும் கேட்டாள். வேலை உடுப்போடேயே வந்தாள். கையில் இறப்பர் உறையின் மா ஒட்டியிருந்தது.

கீழ்த்தளத்தில் ஒரு வெளிச்ச அறை. வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் துணியை நெஞ்சு வரைக்கும் விலக்கினார். சவரம் செய்த முகம். தொப்பி இல்லாததால் சின்னதாகத் தெரிந்தார். சாந்தி கிட்டப் போனாள். புறங்கையை அவர் மூக்குக்கு முன்னால் பிடித்தாள். கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். வெள்ளைச் சட்டைக்காரர் தடுக்கவில்லை. பிறகு படிவத்தைப் பார்த்தபடி, இவரை உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார்.

"ஓம்" என்றாள் சாந்தி. "தெரியும். இவர் என்ரை மாமா."

அவருக்குத் தமிழ் விளங்கவில்லை, என்னைப் பார்த்தார். மொழிபெயர்க்க வேண்டியவள் நான். ஆனால் சாந்தியே பிரெஞ்சில் இன்னொரு தடவை சொல்லிவிட்டு, பேனையை வாங்கிக் கையெழுத்து வைத்தாள்.